பட்டறைப் பக்கம்: வழுக்கும் ஸ்டாக்கும் எபாக்சிப் பிடியும்

போன இதழில் எபாக்சி (பிசின், ஹார்டனர் என்று இரண்டாக வந்து, கலந்தால் இறுகும் பசை) கலப்பது பற்றி எழுதும்போது, மிச்சிகனில் மகள் வீட்டில் இருந்த நாட்களில் மருமகனுடைய மான் வேட்டை ரைபிளின் ஸ்டாக்கில், அதாவது தோளில் ஊன்றிக் கையால் பிடிக்கும் கட்டையில், சொரசொரப்புப் பிடி போட்டுக் கொடுத்தேன் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கின்றன. சரி, இந்த முறை முழுக்க அதையே பேசிவிடலாம். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் துப்பாக்கி வேலைக்காரன் இல்லை. கோயம்புத்தூரில் ஃபவுண்டரிகளுக்கு வார்ப்பு மாதிரி (பேட்டர்ன்) செய்யும் பட்டறையில் இருபத்தாறு வருஷம் எபாக்சியோடு மல்லுக்கட்டியவன். குழல், ட்ரிகர், குறி இதெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். கட்டையில் பிசின் ஒட்டுமா ஒட்டாதா என்று கேளுங்கள், சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, நான் மிச்சிகனில் டிராவர்ஸ் சிட்டி பக்கம் இருக்கிறேன். ஆபீஸ் நண்பர்களோடு இரண்டு வருஷமாக மான் வேட்டைக்குப் போகிறேன். என்னிடம் இருப்பது விலை குறைந்த போல்ட் ஆக்‌ஷன் ரைபிள், கறுப்பு பிளாஸ்டிக் ஸ்டாக். பனி பட்டுவிட்டால் கையுறையோடு பிடித்தாலும் சோப்புக்கட்டி மாதிரி நழுவுகிறது. புது ஸ்டாக் வாங்கினால் ரைபிள் வாங்கிய விலை ஆகிவிடும் போலிருக்கிறது. நீங்கள் செய்ததை நானே செய்ய முடியுமா? சீசனுக்குள் முடிக்க வேண்டும்.

பதில்: முடியும் தம்பி. உங்கள் ஊரில் துப்பாக்கி சீசன் எந்தக் கிழமையாக இருந்தாலும் நவம்பர் 15 அன்றுதான் தொடங்கும், அதனால் நாள் கணக்கு எளிது. அக்டோபர் கடைசிக்குள் வேலையை முடித்து, அப்புறம் ஒரு வாரம் அதைத் தொடாமல் வைக்கிற மாதிரி திட்டம் போடுங்கள். 14-ம் தேதி ராத்திரி கலக்கி 15-ம் தேதி விடியற்காலை காட்டுக்குப் போகலாம் என்று நினைத்தால் கையுறைதான் ஸ்டாக்கோடு ஒட்டிக்கொண்டு வரும்.

பிசினைத் திறக்கும் முன்னால், தோட்டா அடுக்கும் மேகஸினைக் கழற்றி, முன்னும் பின்னும் இழுக்கும் போல்ட்டை உருவி, தோட்டா உட்காரும் சேம்பருக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, தோட்டாப் பெட்டியை வேறு அறையில் கொண்டுபோய் வையுங்கள். அடியில் இருக்கும் ஸ்க்ரூக்களைக் கழற்றினால் குழலும், சுடும் இயந்திரமான ஆக்‌ஷனும் மொத்தமாக வெளியே வந்துவிடும். அதைத் துணியில் சுற்றி அலமாரியில் பூட்டிவிடுங்கள். இனி உங்கள் கையில் இருப்பது வெறும் பிளாஸ்டிக் கட்டை. ரைபிளில் இருந்து கழற்றாமல் சும்மா டேப் ஒட்டிச் செய்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். ஒரு சொட்டு எபாக்சி ட்ரிகர் பக்கம் இறங்கினால் அப்புறம் நான் என்ன, யாராலும் உதவ முடியாது.

அடுத்து, இந்த வேலையிலேயே முக்கியமான விஷயம். உங்கள் ஸ்டாக் என்ன பிளாஸ்டிக்? எபாக்சி எல்லாவற்றிலும் ஒட்டும் என்பது பாதி உண்மை. கண்ணாடி நார் கலந்த நைலான் என்றால், நன்றாகத் தேய்த்துச் சுத்தம் செய்தால் பிடித்துக்கொள்ளும். பாலிபுரொப்பிலீன் என்றால் ஒட்டாது, காய்ந்த பிறகு தோசைக் கல்லில் இருந்து தோசை கிளம்புகிற மாதிரி அப்படியே உரிந்து வரும். பாலிதீனும் அந்த ஜாதிதான். ஸ்டாக்கின் உட்பக்கத்தில், குழல் உட்காரும் பள்ளத்திலோ தோளில் ஊன்றும் பட் பகுதியின் ரப்பரைக் கழற்றினால் தெரியும் குழிவிலோ சின்ன எழுத்தில் அச்சு இருக்கிறதா பாருங்கள். பி.ஏ. என்று இருந்தால் நைலான், பி.பி. என்று இருந்தால் பாலிபுரொப்பிலீன். எழுத்தே இல்லையா, பரவாயில்லை. வெளியே தெரியாத ஒரு மூலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கடலைப் பருப்பு அளவு எபாக்சி வைத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டுக் கத்தி முனையால் நெம்பிப் பாருங்கள். துண்டு துண்டாக உடைந்து, கூடவே பிளாஸ்டிக்கையும் பிய்த்துக்கொண்டு வந்தால் ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். பொட்டு மாதிரி முழுசாகக் கழன்று வந்தால் இல்லை. ஒரு நாள் போகிறதே என்று இந்தச் சோதனையைத் தாண்டிப் போனவர்கள்தான் அப்புறம் என்னிடம் வந்து பிசின் மோசம் என்பார்கள்.

பாலிபுரொப்பிலீன் என்று தெரிந்தால்? புரொப்பேன் டார்ச்சின் நீல ஜ்வாலையை மேற்பரப்பில் நிற்காமல் வேகமாக ஒரு தடவை ஓட்டினால் மேல்தோல் கொஞ்சம் ஆக்சிஜன் ஏறி, ஒட்டுவதற்கு இசைந்து கொடுக்கும். கார் பம்பருக்குப் பெயின்ட் அடிப்பவர்களுக்குத் தெரிந்த வித்தைதான். ஆனால் ஒரு விநாடி அதிகமானால் ஸ்டாக் கோணிக்கொள்ளும். அசிட்டோன் துடைத்த துணி பக்கத்தில் கிடந்தால் கராஜே போய்விடும். முதல் தடவை செய்கிறவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். அந்த ஸ்டாக்குக்குக் கடையில் விற்கிற சொரசொரப்பு ரப்பர் டேப்பை வெட்டி ஒட்டிவிட்டு வேட்டைக்குப் போங்கள்.

சரி, உங்களுடையது நைலான் என்றே வைத்துக்கொள்வோம். பாத்திரம் துலக்கும் சோப்பும் வெந்நீரும் போட்டு முதலில் கழுவுங்கள். தேய்ப்பதற்கு முன்னால் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் துப்பாக்கி எண்ணெயையும் கை எண்ணெயையும் உப்புத்தாளே உள்ளே தேய்த்து ஏற்றிவிடும். காய்ந்த பிறகு எங்கெங்கே பிடி வேண்டும் என்று பென்சிலால் கோடு போடுங்கள். கையில் ரைபிளைப் பிடிக்கிற மாதிரி பிடித்து, விரல் எங்கே உட்காருகிறதோ அங்கே மட்டும். குழலுக்கு அடியில் முன் கை தாங்கும் முன்கட்டையில் இரண்டு பக்கமும், ட்ரிகருக்குப் பின்னால் கை சுற்றிப் பிடிக்கும் கழுத்தில் இரண்டு பக்கமும், அவ்வளவுதான். கன்னம் உரசும் இடத்தில் வேண்டவே வேண்டாம். பத்து தடவை சுட்டால் முகத்தில் உப்புத்தாள் போட்ட மாதிரி இருக்கும்.

கோட்டுக்குள் 80 அல்லது 100 நம்பர் உப்புத்தாள் போட்டு, பளபளப்பு ஒரு புள்ளி கூட மிச்சமில்லாமல் மங்கலாக ஆகும்வரை தேய்க்க வேண்டும். தூசியைத் துடைத்து, ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த சுத்தமான துணியால் ஒரே திசையில் துடையுங்கள். அதற்குப் பிறகு வெறும் விரல் படக்கூடாது. கோட்டைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி, ஓரத்தை நகத்தால் அழுத்தி விடுங்கள். டேப்பின் ஓரம் எவ்வளவு சுத்தமோ அவ்வளவு சுத்தமாகத்தான் கடைசியில் வேலை தெரியும். வளைவுகளில் அகல டேப் மடிந்து சுருங்கும், அங்கே குறுகலான டேப்பை இழுத்து இழுத்து ஒட்டுங்கள். அதற்கு வெளியே மிச்ச ஸ்டாக் முழுவதையும் செய்தித்தாளில் மூடிவிடுங்கள்.

இப்போது பிசின். ஐந்து நிமிட எபாக்சி வாங்காதீர்கள். அது அவசரத்துக்குப் பொம்மை ஒட்டுவதற்குச் சரி. வெயிலில் காருக்குள் இருந்தால் இளகும், ஈரத்தையும் மற்ற எபாக்சி அளவுக்குத் தாங்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த வேலைக்கு உங்களுக்கு நேரம் வேண்டும். அங்கே கிடைப்பதில் அரை மணி நேரம் வேலை செய்ய விடுகிற எதுவானாலும் சரி. இரும்புத் தூள் கலந்த ஜே.பி. வெல்ட் மெதுவாக இறுகும் பழைய வகையையும் நிறையப் பேர் போடுகிறார்கள், சாம்பல் நிறமாக இருக்கும், மேலே பெயின்ட் அடிப்பதால் நிறம் ஒரு பொருட்டில்லை. எவ்வளவு வேண்டும் என்று ஒரு கணக்கு: முன்கட்டை இரண்டு பக்கம் 160 சதுர சென்டிமீட்டர், கழுத்து 100, மொத்தம் 260. அரை மில்லிமீட்டர் கனத்துக்கு 13 மில்லி போதும். கப்பிலும் பிரஷ்ஷிலும் ஒட்டிக்கொண்டு போவதைச் சேர்த்து 20 மில்லி. முன்கட்டைக்கு ஒன்று, கழுத்துக்கு ஒன்று என்று இரண்டு தடவையாகக் கலப்பது நல்லது. கப்பில் குவியலாக வைத்தால் தன் சூட்டிலேயே தான் வெந்து சீக்கிரம் இறுகிவிடும். கலந்ததும் ஒரு தட்டையான பிளாஸ்டிக் மூடியில் பரப்பி வைத்தால் நேரம் கிடைக்கும்.

கலக்கும்போது அளவு சரியாக இருக்கட்டும். கொஞ்சம் ஹார்டனர் அதிகம் போட்டால் சீக்கிரம் காயும் என்று நினைப்பவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். அது சுண்ணாம்பு இல்லை அய்யா, பிசினின் ஒவ்வொரு மூலக்கூறும் ஹார்டனரோடு கை கோத்தால்தான் இறுகும், துணை கிடைக்காமல் மிஞ்சியது எது ஆனாலும் பிசுபிசுவென்றுதான் இருக்கும். இரண்டு நிமிஷம் முழுசாக, கப்பின் ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்துக் கலக்குங்கள்.

டேப்புக்குள் மெல்லிசாக ஒரு பூச்சு பூசுங்கள். உடனே சொரசொரப்பு ஆக்கப் பார்க்காதீர்கள். அந்த நேரத்தில் அது தேன், குத்தி எடுத்த முனையெல்லாம் அரை நிமிஷத்தில் படுத்துவிடும். பொறுமையாகக் காத்திருந்து, ஒரு பல்குத்தும் குச்சியால் தொட்டுத் தொட்டு எடுத்துப் பாருங்கள். அதிரசத்துக்குப் பாகு வைக்கும்போது அம்மா விரலில் தொட்டுப் பார்ப்பார்களே, அதே பாகு பதம்தான். குச்சியைத் தூக்கினால் கம்பி இழுத்து, அறுந்து, அறுந்த முனை குட்டையாக நின்றால் அதுதான் நேரம். முடியை ஒட்ட வெட்டிய பழைய பெயின்ட் பிரஷ்ஷையோ, பிய்த்தெடுத்த ஸ்பாஞ்ச் துண்டையோ நேராக வைத்து நேராகத் தூக்குங்கள். பக்கவாட்டில் இழுக்கக் கூடாது. தொடு, தூக்கு, தொடு, தூக்கு. ஒரே திசையில் வரிசையாகப் போகாமல் பிரஷ்ஷைத் திருப்பித் திருப்பித் தொட்டால் கோடு கோடாகத் தெரியாது. நேரம் தாண்டிவிட்டால் சிலந்தி வலை மாதிரி நூல் நூலாக இழுக்கும். அப்போது நிறுத்திவிட வேண்டும், அடமாகக் குத்தினால் அடியில் இருப்பதையும் பெயர்த்துக்கொண்டு வரும்.

இந்தப் பதத்துக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் கலவையிலேயே சிலிக்கா பவுடர் சேர்த்துக்கொள்ளலாம். ஃபைபர் வேலை செய்பவர்கள் ஏரோசில் என்பார்கள், பஞ்சு மாதிரி பறக்கும், மாஸ்க் போட்டுத்தான் டப்பாவைத் திறக்க வேண்டும். கெட்டித் தயிர் மாதிரி வந்ததும் பூசிக் குத்தினால் முனைகள் அப்படியே நிற்கும். நான் மருமகனுக்கு இரண்டாவது தடவை போட்டது இப்படித்தான்.

இரண்டாவது தடவையா என்று கேட்பீர்கள். ஆமாம், முதல் தடவை சொதப்பினேன். பூசிய ஈரத்தின் மேல் 60 நம்பர் சிலிக்கான் கார்பைடு பொடியை டீ வடிகட்டியில் வைத்துத் தூவினேன். பார்க்க அற்புதமாக இருந்தது. எடுத்துக்கொண்டு போன ஒரே வாரத்தில் கையுறையின் உள்ளங்கை நைந்துவிட்டது, காரின் பின்சீட்டில் ஒரு முழ நீளத்துக்குக் கீறல், மகள் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. கால் வழுக்காமல் இருக்கப் படிக்கட்டில் போடுகிற அளவுக்கான சொரசொரப்பைக் கையில் பிடிக்கிற சாமானுக்குப் போட்டது என் தப்பு. எல்லாவற்றையும் தேய்த்தெடுத்து மறுபடி போட்டேன். பொடி தூவித்தான் ஆக வேண்டும் என்றால் அரைத்த வால்நட் ஓடு போடுங்கள், முனை மழுங்கலாக இருக்கும். இன்னொரு வழி, படகுத் தளத்தில் கால் வழுக்காமல் இருக்கச் செய்வது: ஈர எபாக்சி மேல் சர்க்கரையைத் தாராளமாகத் தூவி, இறுகிய பிறகு வெந்நீரில் கழுவினால் சர்க்கரை கரைந்து குட்டிக் குட்டிக் குழிகள் மட்டும் நிற்கும். முள் இல்லாத பிடி. அங்கே கரடி நடமாட்டம் உண்டு, நன்றாகக் கழுவுங்கள் என்று மருமகன் கிண்டல் செய்தார்.

டேப்பை எப்போது உரிப்பது? கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் தடம் விழ வேண்டும், ஆனால் ஒட்டக் கூடாது. அந்த நேரம். அதற்கு முன்னால் உரித்தால் ஓரம் வழியும், முழுக்க இறுகிய பிறகு உரித்தால் டேப்பு எபாக்சிக்கு அடியில் சிக்கிக்கொண்டு காகிதப் பிசிறாக நிற்கும், பிளேடு வைத்துக் கீறிக்கொண்டு உட்கார வேண்டும். ராத்திரி தூங்கப் போய்விடாமல் இருக்க இந்த வேலையைக் காலையில் தொடங்குங்கள்.

மறுநாள் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். எங்கே குத்துகிறதோ அங்கே 220 நம்பர் உப்புத்தாளை லேசாக, தலையைத் தடவுகிற மாதிரி ஓட்டினால் போதும். பெயின்ட் அடிக்காமல் விடக் கூடாது, எபாக்சிக்கு வெயில் ஆகாது, மஞ்சளாகி, நாளடைவில் மேலே சுண்ணாம்பு பூத்துவிடும். பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் சோப்புத் தண்ணீரும் பச்சை ஸ்கிரப்பரும் போட்டு ஒரு தடவை கழுவுங்கள், ஏன் என்று கீழே இன்னொருவருக்குச் சொல்லியிருக்கிறேன். பளபளப்பில்லாத ஸ்பிரே பெயின்ட், மெல்லிசாக இரண்டு கோட். கனமாக அடித்தால் நீங்கள் பாடுபட்டு எழுப்பிய முனைகளை அதுவே நிரப்பிவிடும். ஆக்‌ஷனைத் திரும்ப மாட்டும்போது ஸ்க்ரூக்களை உங்கள் ரைபிளின் கையேட்டில் போட்டிருக்கும் இறுக்கத்துக்கு முடுக்கி, வேட்டைக்கு முன்னால் சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போய் குறி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கழற்றி மாட்டிய ரைபிள் பழைய இடத்தில் அடிக்கும் என்று நம்பிப் போகக் கூடாது, இது மருமகன் சொன்னது.

கேள்வி: கராஜில் வைத்து எபாக்சி போட்டேன், மூன்று நாளாகியும் ஒட்டுகிறது. மேலே மெழுகு மாதிரி வேறு ஏதோ படிந்திருக்கிறது. பழைய பாட்டில்தான், பிசின் வெள்ளையாகக் கட்டி கட்டியாக இருந்தது. தூக்கிப் போட்டுவிடலாமா? (வாசகர், மினசோட்டா)

பதில்: உங்கள் கடிதத்தில் மூன்று தனித்தனி வியாதி இருக்கிறது. பாட்டில் வெள்ளையானது கெட்டுப்போனதால் இல்லை. மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைகிறதே, அந்த மாதிரி பிசினும் குளிரில் படிகம் கட்டும். மூடியை இறுக்கி, கை பொறுக்கும் வெந்நீரில் பாட்டிலை வைத்து அவ்வப்போது குலுக்கினால் கண்ணாடி மாதிரி தெளிந்துவிடும். ஒரு மணல் கூட மிச்சமிருக்கக் கூடாது, இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு மறுபடி உறையும். கட்டியோடேயே அளந்து கலந்திருந்தால் அளவும் தப்பியிருக்கும்.

ஒட்டுவதற்கு முதல் சந்தேகம் குளிர்தான். பத்து டிகிரி செல்சியஸ் ஏறினால் எபாக்சி ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் இறுகும், இறங்கினால் பாதி வேகம். உங்கள் ஊர் அக்டோபர் கராஜில் ஐந்து டிகிரி என்றால் அது தூங்கிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்குள் எடுத்து வாருங்கள். மனைவி வேண்டாம் என்றால் ஒரு பெரிய அட்டைப் பெட்டிக்குள் ஸ்டாக்கைத் தொங்கவிட்டு, அட்டையில் படாமல் ஒரு பழைய 60 வாட் குண்டு பல்பைப் போட்டு, உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள். 30 டிகிரி காட்டினால் போதும், 40 தாண்ட விடாதீர்கள், பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டும். ஒரு ராத்திரி சூட்டில் வைத்தும் கை ஒட்டினால் அளவு தப்புதான் காரணம். அது இனி என்றைக்கும் இறுகாது. மேலே இன்னொரு கோட் போட்டு மூடிவிடலாம் என்று ஆசைப்படாதீர்கள், முழுவதையும் சுரண்டி எடுத்து, ஆல்கஹாலில் துடைத்து, முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

மெழுகு மாதிரி இருப்பது ஹார்டனர் காற்றில் உள்ள ஈரத்தோடும் கார்பன் டை ஆக்சைடோடும் சேர்ந்து மேலே பூத்தது. குளிரும் ஈரமும் சேர்ந்தால் வரும். சென்னையில் ஐப்பசி மழையில் வேலை செய்தவர்களுக்கும் இது தெரியும். தண்ணீரில் கரையும் சாமான், அதனால் தின்னர் போட்டுத் தேய்க்கத் தேவையில்லை, வெந்நீரும் ஸ்கிரப்பரும் போதும். இதைக் கழுவாமல் பெயின்ட் அடித்தால் பெயின்ட் மெழுகின் மேல்தான் உட்காரும், இரண்டு மாதத்தில் தோலாக உரியும்.

கேள்வி: என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள், பத்து மீட்டர் ஏர் ரைபிள் பயிற்சி எடுக்கிறாள். உள்ளங்கை வியர்த்து கிரிப் வழுக்குகிறது என்கிறாள். ஸ்டாக்கில் எபாக்சி போட்டு சொரசொரப்பு ஆக்கிக் கொடுக்கலாமா? (தாய், கோயம்புத்தூர்)

பதில்: வேண்டாம் அம்மா. இந்த இதழில் நான் நேராக வேண்டாம் என்று சொல்லும் முதல் பதில் இதுதான். ஏர் ரைபிள் போட்டிக்கான ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேச துப்பாக்கி சுடும் விளையாட்டுச் சம்மேளனம்) விதிகளில் முன்கட்டை, பிஸ்டல் கிரிப், ஸ்டாக்கின் அடிப்பகுதி இங்கெல்லாம் பிடி கூட்டும் பொருள் எதையும் சேர்க்கக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். போட்டிக்கு முன்னால் துப்பாக்கியை அளந்து, எடை போட்டு (ஐந்தரை கிலோவுக்கு மேல் போகக் கூடாது), தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். நீங்கள் ஆசையாகப் போட்டுக் கொடுத்த எபாக்சியை அங்கே வைத்துச் சுரண்டச் சொன்னால் பிள்ளை அழுதுவிடும். கிரிப்பில் எதையாவது மாற்றுவதாக இருந்தால் கோச்சிடம் இந்த வருஷத்து விதிப் புத்தகத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

வியர்வைக்கு என்ன செய்வது? ஒரு கைத்துண்டு, ஒவ்வொரு சுடுதலுக்கும் நடுவில் துடைத்துக்கொள்ளும் பழக்கம். அப்புறம், கிரிப்பை வாரம் ஒரு முறை ஈரத்துணியில் ஒரு சொட்டு சோப்பு விட்டுத் துடைத்துக் காயவிடுங்கள். வழுக்குவது பாதி வியர்வை, மீதி மாதக் கணக்கில் படிந்த கை எண்ணெய்தான். எங்கள் பட்டறையில் உளிப்பிடிகளுக்கு இதுதான் வைத்தியம்.

வீட்டு மாடியில் காகித அட்டையைச் சுட்டுப் பழக ஒரு சாதாரண ஏர் ரைபிள் தனியாக இருந்தால் அதில் என்ன வேண்டுமானாலும் போடுங்கள். அதில் பெரும்பாலும் வார்னிஷ் அடித்த மரக்கட்டைதான் இருக்கும், வார்னிஷைத் தேய்த்து மரம் தெரிந்த பிறகு பூச வேண்டும். வெளிநாட்டுப் பிசின் தேட வேண்டாம், அரால்டைட் ஸ்டாண்டர்ட் சரிக்குச் சரி அளவில் கலந்தால் நம் ஊர் வெயிலிலும் நிதானமாக வேலை செய்ய நேரம் கொடுக்கும். எம்-சீல் வேண்டாம். அது குழாய் அடைக்கிற மாவு, மெல்லிசாகப் பரவாது. இப்போது இரண்டையும் ஒரே கம்பெனிதான் விற்கிறது, 2020-ல் அரால்டைட்டின் இந்திய வியாபாரத்தை பிடிலைட் வாங்கிவிட்டது. அதற்காக ஒன்றுக்குப் பதில் ஒன்று ஆகாது.

கேள்வி: தாத்தா காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கி, லைசென்ஸ் என் பெயரில் இருக்கிறது. வால்நட் கட்டை. கழுத்தில் இருந்த கட்டம் கட்டமான செதுக்கல் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. எபாக்சி பூசிவிடலாமா? (விவசாயி, பொள்ளாச்சி)

பதில்: ஐயா, கைகூப்பிக் கேட்கிறேன், அதைச் செய்யாதீர்கள். அந்தச் செதுக்கலைக் கையால் செய்தவர் ஒரு அங்குலத்துக்கு இருபது கோடு வீதம், ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டுகிற மாதிரி, சின்ன ரம்பம் போன்ற கருவியால் ஒவ்வொரு கோடாக இழுத்திருப்பார். அழகுக்காக மட்டுமில்லை, எபாக்சி வருவதற்கு முன்னால் பிடிக்கான வழியே அதுதான். தேய்ந்திருந்தாலும் பள்ளத்தின் அடித்தடம் பெரும்பாலும் மிச்சமிருக்கும், தெரிந்தவர் அதே தடத்தில் கருவியை ஓட்டினால் வைரம் வைரமாக மறுபடி எழும்பும். நூறு வருஷ எண்ணெய் ஊறிய வால்நட்டில் எபாக்சி ஒழுங்காக ஒட்டாது, ஒட்டினால் அதைவிட மோசம், திரும்ப எடுக்க முடியாது.

இன்னொன்று, உங்களுடையது லைசென்ஸ் துப்பாக்கி. 1959-ம் வருஷ ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி ரிப்பேர் செய்வதற்கும் லைசென்ஸ் வேண்டும். அதனால் பக்கத்து ஆசாரியிடம் கொடுக்காமல், அனுமதி பெற்ற ஆயுதக் கடையில் கொடுத்துச் செய்யுங்கள். நான் மேலே அந்தத் தாய்க்குச் சொன்னது 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகாத, 20 ஜூலுக்குள் இருக்கும் ஏர் ரைபிளுக்கு. அதற்கு லைசென்ஸ் கிடையாது. இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: பிளாஸ்டிக் ஸ்டாக் என்றாலே மட்டம்தானே? நல்ல ரைபிளுக்கு மரம்தானே அழகு? (வாசகர், டொரொன்டோ)

பதில்: அழகைக் கேட்டால் மரம்தான், என் ஓட்டும் அதற்கே. ஆனால் மட்டம் என்று சொல்ல மாட்டேன். ரெமிங்டன் கம்பெனி 1959-ல் நைலான் 66 என்று ஒரு சின்ன .22 ரைபிள் கொண்டு வந்தது, கட்டை மொத்தமும் டூபான்ட் கம்பெனியின் நைலான். சிரித்தவர்கள் நிறையப் பேர். பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. மரம் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும், குழலைத் தொட்டுக் குறியை மாற்றும். பிளாஸ்டிக்குக்கு அந்தத் தொல்லை குறைவு. விலை குறைந்த ஸ்டாக்குகளில் தொல்லை வேறு: உள்ளே பொள்ளல், பிடித்து அழுத்தினால் முன்கட்டை வளையும், மேலே வழுக்கும். வழுக்கலுக்குத்தான் இத்தனை நேரம் பேசினோம். வளைவுக்கும் எபாக்சியில் வைத்தியம் உண்டு, அதை இன்னொரு மாதம் பார்க்கலாம்.

கேள்வி: இந்த வேலை செய்து இரண்டு நாளில் மணிக்கட்டில் தடிப்பும் அரிப்பும். கையில் பட்டதை அசிட்டோன் போட்டுத்தான் துடைத்தேன். எதனால்? (வாசகர், ஷார்ஜா)

பதில்: அசிட்டோனால் துடைத்ததே பாதிக் காரணமாக இருக்கலாம். அது தோலின் எண்ணெயை எடுத்துவிட்டுப் பிசினை உள்ளே இழுத்து விடும். கையில் பட்டால் காகிதத்தால் துடைத்து, சோப்புத் தண்ணீர், அவ்வளவுதான். எபாக்சி ஒவ்வாமை ஒருவருக்கு வந்துவிட்டால் போகாது, அடுத்த தடவை இன்னும் கொஞ்சத்திலேயே வரும். எங்கள் பட்டறையில் என்னைவிட நன்றாக வேலை தெரிந்த ஒருவர் இதனாலேயே பிசின் பக்கம் வர முடியாமல் மர வேலைக்கு மாறிவிட்டார். தோல் டாக்டரைப் பாருங்கள். இனி நைட்ரைல் கையுறை, முழுக்கை சட்டை. காய்ந்ததைத் தேய்க்கும்போது மாஸ்க். முழுசாகக் காயாததைத் தேய்த்த தூசியும் தோலுக்கு அதே கெடுதல்தான்.

கேள்வி: அருவாள் பிடிக்கு இதே மாதிரி போடலாமா அண்ணே? இளநீர் வெட்டும்போது வழுக்குது. (வாசகர், பேராவூரணி)

பதில்: தாராளமாக. மரப்பிடியை நன்றாகத் தேய்த்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, சணல் கயிறை நெருக்கமாகச் சுற்றி, அதன் மேல் அரால்டைட்டைப் பிரஷ்ஷால் ஊறவிடுங்கள். கயிறே சொரசொரப்பு கொடுக்கும், குத்தி எடுக்கும் வேலையெல்லாம் தேவையில்லை. வெட்டுகிற பக்கத்துக்குச் சாக்கு சுற்றிவிட்டு உட்காருங்கள்.